ரைசன் 7 7700 கம்ப்யூட்டர் சிப்புக்கு சத்தம் போடாத ஏர் கூலர் எது? (பட்ஜெட் 5,000, வீட்டுல ஏசி கிடையாது)

அம்பத்தூர்_குரல் | வெள்ளி இரவு 11:48

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் போறவ, இப்பதான் முதல் பதிவு.

நான் சிறுகதைகளை வாசிச்சு ஒலிப்புத்தகமா பதிவு பண்றேன். கூடவே கொஞ்சம் வீடியோ எடிட்டிங். ஒரே ரூம், அதுலதான் கம்ப்யூட்டர், மைக், கட்டில் எல்லாம். லாரி சத்தம் அடங்கின பிறகு ராத்திரி பதினொன்றுக்கு மேலதான் ரெக்கார்டிங். சீலிங் ஃபேனை நிறுத்திட்டு, கதவைச் சாத்திட்டு, வியர்க்க விறுவிறுக்க உக்காந்து வாசிப்பேன். அப்ப பார்த்து கேபினெட்டுக்குள்ள இருந்து "உய்ய்ய்ங்"னு ஏறும், நாலு செகண்ட்ல இறங்கும், மறுபடி ஏறும். அந்த இரைச்சலை சாஃப்ட்வேர்ல அழிச்சா குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசின மாதிரி ஆயிடுது என் குரல்.

சிப் ரைசன் 7 7700, டிரே பீஸ் (பெட்டி இல்லாம தனியா விக்கிறது), அதனால கம்பெனி கூலர் கூட வரல. அசெம்பிள் பண்ண கடையிலயே பேர் தெரியாத ஒற்றை டவர் கூலர் ஒண்ணை மாட்டிக் கொடுத்தாங்க. கேபினெட் முன்பக்கம் கண்ணாடி, மூணு கலர் லைட் ஃபேன். சும்மா இருக்கும்போது 52 டிகிரி, ரெண்டர் போட்டா 94, 95. ரூம்ல தெர்மாமீட்டர் 34 காட்டுது.

நாக்டுவா என்எச்-டி15 வாங்கலாமா, இல்ல லிக்விட் கூலருக்கே போயிடலாமா? பணம் 5,000தான் எடுத்து வெச்சிருக்கேன்.

---

கோவை_குசும்பு | வெள்ளி இரவு 11:55

34 டிகிரில சீலிங் ஃபேனை நிறுத்திட்டு வாசிக்கிறீங்களா? கூலர் உங்களுக்குத்தான் மொதல்ல வேணும்ங்க.

---

ஐஸ்_தண்ணி | சனி காலை 7:20

யோசிக்கவே வேணாம் தோழி, 240 மில்லிமீட்டர் லிக்விட் போட்டுடுங்க. சென்னை வெயிலுக்கு ஏர் கூலர்லாம் தாங்காது. நான் மூணு வருஷமா அதுதான் ஓட்டுறேன், ஜில்லுனு இருக்கு.

---

பழைய_இரும்பு | சனி காலை 9:05

> சென்னை வெயிலுக்கு ஏர் கூலர்லாம் தாங்காது

தம்பி, லிக்விட் கூலரும் கடைசியில் அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகிறது. நடுவில் தண்ணீர் ஓடுவதால் அறையின் 34 டிகிரி 24 ஆகிவிடாது. எந்த கூலராக இருந்தாலும் அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் கணக்கு. வெளிநாட்டு ரிவ்யூக்காரர்கள் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். அவர்கள் 64 என்று எழுதினால் நாம் 76 என்று படித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மணிக்கு வருகிறேன். 7700 அப்படி ஒன்றும் நெருப்புக் கோழி இல்லை. அட்டையில் 65 வாட் என்று போட்டிருக்கும், உண்மையில் சாக்கெட் (சிப் உட்காரும் இடம்) வழியாக அதிகபட்சம் 88 வாட் இழுக்கும். 88 வாட்டுக்கு லிக்விட் வைப்பது தெருமுனைக் கடைக்குப் போக லாரி பிடிப்பது மாதிரி. அதில் பம்ப் ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். அந்த மெல்லிய "ங்ங்ங்" மைக் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஆகவே ஆகாது.

நாக்டுவா என்எச்-டி15 நல்ல பொருள். 2014-லிருந்து எல்லோரும் மற்ற ஏர் கூலர்களை அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். 2024-ல் ஜி2 என்று புதுசும் வந்தது. ஆனால் உங்கள் பணத்தைவிட ரொம்ப அதிகம் கேட்பார்கள். அதைவிட முக்கியம் உயரம், 165 மில்லிமீட்டர். உங்கள் கேபினெட் எவ்வளவு தாங்கும் என்று முதலில் பாருங்கள். பெட்டியிலேயே சிபியூ கூலர் உயரம் என்று அச்சடித்திருக்கும். ரிச்சி தெருவில் இதைப் பார்க்காமல் வாங்கிப்போய், பக்கக் கண்ணாடி மூடாமல் மறுநாள் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கை நீளுவது தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ பக்கம். இரட்டை டவர், ஆறு ஹீட் பைப், இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன், உயரம் 155. உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். ஃபான்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ கிடைத்தால் ஏழு பைப், உயரம் 154. இரண்டில் எது கையில் கிடைக்கிறதோ அது. இந்தச் சிப்புக்கு அந்த ஒரு பைப்புக்காக அலைய வேண்டாம்.

---

அம்பத்தூர்_குரல் | சனி காலை 10:31

அண்ணா, பெட்டியைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தேன். 160 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. நாக்டுவா அவுட். பணம் மிச்சம் :)

ஒரு சந்தேகம். ரெண்டு ஃபேன் இருந்தா சத்தமும் ரெண்டு மடங்கு ஆகாதா?

---

மெக்கானிக்கல்_மாமா | சனி மதியம் 1:15

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆகாது. ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். ஆகவே இரண்டாவது ஃபேனுக்கு நாம் கொடுக்கும் விலை குறைவு.

வேகம்தான் காசு பிடுங்கும். ஒரு ஃபேனின் சுற்றைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் கத்தும் ஒரு ஃபேனுக்குப் பதில் 900-ல் இரண்டு ஓடட்டும். வேகத்தில் 11 டெசிபல் மிச்சம், எண்ணிக்கையில் 3 நஷ்டம், கையில் நிற்பது 8.

மெதுவாக ஓட்ட வேண்டுமென்றால் அலுமினியத் தகடு நிறைய வேண்டும். அதற்குத்தான் இரட்டை டவர். பெரிய கூலர் வாங்குவது வெறும் குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை, ஃபேனைத் தூங்கவிடவும்தான்.

ஹீட் பைப் என்பதைப் பலர் செம்புக் கம்பி என்று நினைக்கிறார்கள். அது உள்ளே கூடான குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு துளி தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் நூறு டிகிரி வரை காத்திருக்காமல் முன்பே கொதிக்கும். சிப் மேல் இருக்கும் முனையில் ஆவியாகி, தகடுகளுக்குள் இருக்கும் முனையில் நீராகும். இட்லிக் குண்டான் மூடியில் நீராவி முட்டிச் சொட்டுகிறதே, அதேதான். சொட்டிய நீர் குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாகத் திரி எண்ணெய் இழுப்பது போலத் திரும்பி வரும். பம்ப் கிடையாது, சத்தம் கிடையாது, தேய்மானம் கிடையாது.

எல்லாம் சரி, வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சத்தம் போடுவது எந்த ஃபேன் என்று கண்டுபிடியுங்கள். கேபினெட்டைத் திறந்து, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு ஃபேனின் நடுக்குமிழையும் மெதுவாக அழுத்தி இரண்டு விநாடி நிறுத்திப் பாருங்கள். இறக்கைப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

---

ஐஸ்_தண்ணி | சனி மதியம் 1:40

சரி சரி, எல்லாரும் சேர்ந்து என்னைத் தொவைச்சுக் காயப்போட்டாச்சு. நான் ஓட்டுறது இன்டெல் கோர் ஐ7 14700கே சிப். அது 253 வாட் வரைக்கும் போகும், அந்தக் கணக்குல சொல்லிட்டேன். 88 வாட்டுக்கு நானும் ஏர் கூலர்தான் வாங்குவேன். ஒத்துக்கறேன்.

---

பழைய_இரும்பு | சனி மதியம் 2:02

253 வாட்டுக்கு லிக்விட் வைத்ததில் தப்பே இல்லை தம்பி.

இழையைப் பின்னால் படிக்கப் போகும் இன்டெல்காரர்களுக்கு ஒரு வரி: 2021-ல் எல்ஜிஏ1700 சாக்கெட் வந்தபோது கூலர் திருகும் துளை இடைவெளி 75-லிருந்து 78 மில்லிமீட்டர் ஆனது. பழைய கூலரை மாற்றிப் போடுவதென்றால் அதற்கான கிட் இருக்கிறதா என்று பாருங்கள். ரைசன் செய்யும் ஏஎம்டியில் ஏஎம்4, ஏஎம்5 சாக்கெட் இரண்டுக்கும் துளை ஒன்றுதான்.

---

மதுர_ரெண்டர் | சனி இரவு 8:50

அக்கா, நானும் 7700தான் வெச்சிருக்கேன். கல்யாண வீடியோ எடிட்டிங். ரெண்டு விஷயம் சொல்றேன், ரெண்டும் பைசா செலவில்லாதது.

ஒண்ணு, அந்த ஏறி இறங்குற "உய்ங்". இந்தச் சிப்புல கோர் எல்லாம் இருக்கிற துண்டு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகம் மாதிரி. அதுக்குள்ளயே மொத்த சூடும். பிரவுசர்ல ஒரு டேப் திறந்தாக்கூட ஒரே செகண்ட்ல 50-லருந்து 70-க்குத் துள்ளும், உடனே இறங்கும். மதர்போர்டு பயந்துபோய் ஃபேனை விரட்டும். பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங் பக்கம்) போய் ஃபேன் கர்வை, அதாவது எந்த சூட்டுக்கு எந்த வேகம்ங்கிற கணக்கை, மாத்துங்க. 70 டிகிரி வரைக்கும் 35 சதவீதத்துலயே படுக்கப் போடுங்க, 80-ல 55, 90-ல நூறு. ஸ்டெப் அப் டைம்னு இருந்தா நாலஞ்சு செகண்ட் கொடுங்க, சின்னத் துள்ளலை அது கண்டுக்காது. இந்தச் சிப்புக்கு 95 வரை கம்பெனியே அனுமதி கொடுத்திருக்கு, 75-ல நிக்கிறதுக்குப் பதறவே வேணாம். ஒரே சீரான சத்தத்தைக் காது மறந்துடும், ஏறி இறங்குறதைத்தான் மறக்காது.

ரெண்டு, ரெக்கார்டிங் நேரத்துக்கு மட்டும் பவரைக் குறைங்க. பயாஸ்ல பிபிஓங்கிற மெனுவுக்குள்ள பிபிடின்னு இருக்கும், சிப் எவ்வளவு வாட் இழுக்கலாம்ங்கிற வரம்பு அது. சில போர்டுல மில்லிவாட்ல கேக்கும், 65 வேணும்னா 65000னு அடிக்கணும். நான் 65-னு அடிச்சிட்டு மெஷின் ஏன் மாட்டு வண்டி மாதிரி போகுதுன்னு அரை நாள் மண்டைய ஒடச்சேன்.

கடைசியா, கூலர் அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிச்சிட்டு மாட்டுங்க. ஏன் சொல்றேன்னு கேக்காதீங்க.

---

கோவை_குசும்பு | சனி இரவு 9:01

ஏனுங்க சொல்றீங்க?

---

மதுர_ரெண்டர் | சனி இரவு 9:03

ஒரு வாரம் 95-லயே ஓடுச்சு. போதுமா.

---

அம்பத்தூர்_குரல் | புதன் இரவு 10:10

பியர்லெஸ் அசாசின் நேத்து கைக்கு வந்துச்சு. (மாமா, பென்சில் சோதனை பண்ணல, ஆர்டர் போட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க.) நாளைக்கு மாட்டப் போறேன். இதுவரைக்கும் ரேம் தவிர எதையும் கழட்டினதில்ல. பழைய கூலரை இழுத்தா சிப்பும் கூடவே வந்துடும்னு யாரோ பயமுறுத்தி வெச்சிருக்காங்க.

---

பழைய_இரும்பு | புதன் இரவு 10:42

அது ஏஎம்4 காலத்துப் பயம். அதில் முள்ளெல்லாம் சிப்பில் இருக்கும், சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்து, அதோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். உங்கள் 7700 உட்காரும் ஏஎம்5-ல் முள் போர்டில், சிப்பை இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கிறது. தைரியமாகக் கழற்றலாம். இருந்தாலும் பத்து நிமிடம் ஏதாவது ரெண்டர் ஓட்டி சூடாக்கிவிட்டு, மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகிவிட்டு எடுங்கள். பேஸ்ட் இளகியிருக்கும்.

போர்டில் பிளாஸ்டிக் தாங்கி இருந்தால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, விழாது. புதுக் கூலரோடு வந்த உருளைகளை வைத்து அதன்மேல் இரும்புப் பட்டை. சிப்பில் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட், தேய்க்க வேண்டாம், கூலரின் கனமே பரப்பிவிடும். நடு ஃபேனைக் கழற்றினால்தான் இரண்டு ஸ்க்ரூவும் தெரியும். இதில் நாலு சுற்று, அதில் நாலு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் கூலர் சாய்ந்து உட்காரும்.

ஃபேனில் கம்பிச் சட்டம் தெரியும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். இரண்டும் கேபினெட்டின் பின்பக்கம் பார்த்து ஊத வேண்டும். முன் ஃபேன் ரேமில் இடித்தால் கொஞ்சம் மேலே தூக்கி மாட்டலாம், ஆனால் உங்களுக்கு மேலே 5 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. நினைவிருக்கட்டும்.

---

அம்பத்தூர்_குரல் | வியாழன் இரவு 11:37

மாட்டியாச்சு! ரெண்டு மணி நேரம் ஆச்சு. தாளை உரிச்சேன், மதுரை தம்பிக்கு நன்றி. பழைய கூலர் அடியில பேஸ்ட் ஒரு ஓரத்துல மட்டும்தான் பட்டிருந்துச்சு, மத்த இடமெல்லாம் பளபளன்னு கன்னி கழியாம இருக்கு. தகடு இடுக்குல தூசி கம்பளி மாதிரி.

இப்ப சும்மா இருக்கும்போது 43, ரெண்டர்ல 76. நம்பவே முடியல.

ஆனா சத்தம் போகல :( அந்த ஏறி இறங்குற "உய்ங்" நின்னுடுச்சு. அதுக்கு அடியில இவ்வளவு நாளா ஒளிஞ்சிருந்த மாதிரி ஒரு "ம்ம்ம்ம்" கேக்குது. ரெண்டர் போட்டாலும் அதே, போடலன்னாலும் அதே. கூலர் ஃபேன் ரெண்டும் 620 சுத்துன்னு காட்டுது. கூலர் கோளாறா?

---

மெக்கானிக்கல்_மாமா | வியாழன் இரவு 11:50

620-ல் 120 மில்லிமீட்டர் ஃபேன் அப்படிக் கேட்காது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் மாறாத சத்தம் என்றால் அது வெப்பத்தைப் பார்க்காத ஃபேன்.

இப்போதாவது பென்சிலை எடுங்களேன்.

---

அம்பத்தூர்_குரல் | வெள்ளி அதிகாலை 12:20

எடுத்தேன். கூலர் ஃபேன் ரெண்டையும் நிறுத்தினா ஒரு வித்தியாசமும் இல்ல. பின்னாடி ஃபேன், கொஞ்சம் குறையுது. முன்னாடி இருக்கிற கலர் லைட் ஃபேன் ரெண்டையும் நிறுத்தினேன், ரூமே செத்துப்போச்சு. திடீர்னு பக்கத்து வீட்டு டிவி கேக்குது.

அந்த மூணு ஃபேனோட ஒயரும் மதர்போர்டுக்குப் போகல. எஸ்எம்பிஎஸ்லருந்து (கரண்ட் கொடுக்கிற பெட்டி) வர்ற பெரிய நாலு ஓட்டை வெள்ளை பிளக்குல சொருகியிருக்கு.

---

பழைய_இரும்பு | வெள்ளி காலை 6:15

மோலக்ஸ். அதில் வருவது நேரடியாக 12 வோல்ட். மதர்போர்டு என்ன சொன்னாலும் அதற்குக் காது கேட்காது, ஆன் செய்த நொடியிலிருந்து அணைக்கும் வரை முழு வேகம். விலை குறைந்த கலர் லைட் கேபினெட் பலவற்றில் இதுதான் கதை. கேபினெட் என்று சொன்னவுடனேயே நான் கேட்டிருக்க வேண்டும், என் தப்பும் இருக்கிறது.

அதுவும் முன்பக்கம் கண்ணாடி. பக்கவாட்டு இடுக்கு வழியாக மூச்சுத் திணறி இழுப்பதால் இரைச்சல் இன்னும் கூடும். அவற்றை எடுத்துவிட்டு நாலு பின் பிடபிள்யூஎம் ஃபேன் (மதர்போர்டு சொல்லும் வேகத்தில் சுற்றும் வகை) இரண்டு போடுங்கள். ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் போதும், 200-லிருந்து 1800 வரை சுற்றும். மதர்போர்டில் சொருகி 600-ல் நிறுத்திவிடுங்கள்.

---

கோவை_குசும்பு | வெள்ளி காலை 8:30

லைட் போயிடுமே! லைட் இல்லைன்னா ஸ்பீடு குறையாதுங்களா?

---

மெக்கானிக்கல்_மாமா | வெள்ளி காலை 8:41

சிவப்பு லைட் போனால் பத்து சதவீதம் குறையும். நீலம் பரவாயில்லை.

இன்னொன்று, உங்கள் மைக் கார்டியாய்டு வகையா? அதற்கு முதுகுப் பக்கம் காது மந்தம். கேபினெட் மைக்கின் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி மேசையைத் திருப்பிப் போடுங்கள், முடிந்த அளவு தள்ளி.

---

அம்பத்தூர்_குரல் | செவ்வாய் இரவு 12:52

ரெண்டு ஃபேனும் வந்து மாட்டியாச்சு. பட்ஜெட் கொஞ்சம் மீறிடுச்சு, பரவாயில்ல. பின்பக்க ஃபேனையும் கழட்டிட்டேன், ரெண்டர்ல 78, இருந்துட்டுப் போகட்டும். மேசையைத் திருப்பிட்டேன், இப்ப கேபினெட் கட்டிலுக்குக் கீழ்ப்பக்கமா இருக்கு. கர்வ் மதுரை தம்பி சொன்னதேதான், பவர் குறைக்கிற வேலையே வரல.

இன்னிக்கு நாற்பது நிமிஷம் ஒரே மூச்சுல வாசிச்சேன். நாய்ஸ் ரிடக்‌ஷன் போடவே இல்ல. ஹெட்ஃபோன்ல கேட்டா ஸ, ஷ எல்லாம் அப்படியே நிக்குது.

ஒரே ஒரு பிரச்சினை. இருபத்தி மூணாவது நிமிஷம் டியூப் லைட்டுக்குப் பின்னாடி இருந்து பல்லி கத்துறது அட்சர சுத்தமா பதிவாயிருக்கு.

---

கோவை_குசும்பு | செவ்வாய் இரவு 12:58

எந்தத் திசைங்க? நல்ல திசைன்னா அந்த டேக்கை வெச்சுக்கோங்க.